இருநூற்றுப் பதினைந்தில் ஒரு மேடு

பாப்பாவின் கன்னம் பதிந்திருந்த இடது தோள் மட்டும் சூடாக இருந்தது. மற்றபடி அந்தக் கருத்தரங்கக் கூடத்தின் ஏசி திருமூர்த்தியின் முழங்கைவரை குளிரை ஏற்றிவிட்டிருந்தது. இந்தக் குளிர் பிள்ளைக்கு நல்லதா கெட்டதா, சட்டென்று பட்டால் நடுக்கம் வருமா, நடுக்கம் வந்தால் அது வெறும் நடுக்கமா இல்லை அன்றைக்கு வந்த மாதிரியா என்று மனசு ஒரு சுற்று சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பியது. மேடையில் சுபாஷிணி நின்றிருந்தாள், மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையில், கழுத்துக்குக் கீழே சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு. அவள் தன் பெண்டாட்டி என்பது அந்த நேரத்தில் அவனுக்கே கொஞ்சம் நம்ப முடியாத சங்கதியாக இருந்தது. இன்றைக்கு அவளுக்கு வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. ஐந்தாறு வருஷமாக வீட்டில் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி இன்றைக்கு இந்த மேடையில் கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லப்பட்டு, முடிந்துவிடும். முன்வரிசையில் அவளுடைய கைடு மெர்சி மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் தண்டபாணி. அந்த ஆளைப் பின்னாலிருந்துதான் பார்க்க முடிந்தது. வழுக்கை, மடிப்புக் கலையாத காலர், அசையாத கழுத்து. அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டியதுதான் என்று ஆய்வு மாணவர்கள் பேசிக்கொள்வார்களாம், சுபா சொல்லியிருந்தாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் சொன்ன அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. திருமூர்த்தி கடைசி வரிசையில், கதவோரமாகப் பார்த்து இடம் பிடித்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்த அப்பா கேட்டார், "ஏண்டா கட்டக்கடைசீல? முன்னால போய் உக்காரலாமல்லோ, நம்ம புள்ள பேசறா." பாப்பா எழுந்து அழுதால் தூக்கிக்கொண்டு போக வசதி என்றான். அது பொய்யில்லை. முழு நிஜமும் இல்லை. சட்டைப்பையில் தெர்மாமீட்டரும் மருந்து பாட்டிலும் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது, மேடையில் நிற்கிறவளுக்கும் தெரியாது.

நூற்றொன்று புள்ளி நான்கு. உடுமலையிலிருந்து கிளம்பின வாடகைக் காரில் பாப்பா அவன் மடியில்தான் இருந்தது. சுபா முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள், சாமி கும்பிடுகிற மாதிரி. சாமியில்லை, படங்களின் வரிசை. பாப்பாவின் உள்ளங்கால் தொடையில் பட்டபோது அவனுக்கு முதலில் வெயில்தான் என்று தோன்றியது. கார்க் கண்ணாடி வழியாக வெயில் விழுகிறது, அதனால் இருக்கும். பிறகு பாதத்தை நிழலில் இழுத்து வைத்தான். சூடு போகவில்லை. வெயிலில் வந்த சூடு என்றால் போயிருக்கும். பால் நிலையத்தில் வேலை செய்கிறவனுக்கு இந்த வித்தியாசம் கை அறியும். கேனுக்கு வெளியே வெயில் பட்டால் தகடு சுடும், உள்ளே பால் சும்மா இருக்கும். உள்ளேயே சூடாக இருந்தால் அது வேறு சமாசாரம், அப்போது கேனின் அடிவரை ஒரே மாதிரி சுடும். வழியில் டீக்கு நிறுத்தியபோது தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான், அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தான், அது கீச்சென்றது, எண்ணைப் பார்த்தான், இன்னொரு தடவை வைத்தான், அதே எண். மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தான். பாப்பா எப்போதும் துப்பும், இன்றைக்குத் துப்பவில்லை, அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. திரும்பி வந்தபோது சுபா கண்ணைத் திறந்து, "பாப்பா எதாச்சும் சாப்ட்டாளாங்க?" என்றாள். "ரெண்டு பிஸ்கட் தின்னுச்சு." நிஜம்தான். ரெண்டு பிஸ்கட் தின்றது. அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அந்த இடம் காரின் பின்னால் ஓடிப்போய்விட்டது, அதற்கு அடுத்த இடமும், பிறகு பல்கலைக்கழக வாசல் வந்துவிட்டது.

"தன்வெப்ப ஏற்புத்திறன்," என்றாள் சுபா மைக்கில். கூடம் முழுக்க அவள் குரல் நிறைந்தது. தொடக்கத்தில் கொஞ்சம் தமிழில் சொல்கிறேன், என் குடும்பத்தார் வந்திருக்கிறார்கள் என்று அனுமதி கேட்டாள். வழுக்கைத் தலை ஒரு தடவை அசைந்தது. "ஒரு பொருள ஒரு டிகிரி சூடாக்க அதுக்கு எவ்வளவு வெப்பம் குடுக்க வேண்டியிருக்குங்கறதுதான் இது. ஒரே எடை எடுத்துக்கிட்டாலும் தண்ணி கேக்கற அளவு வேற, இரும்பு கேக்கற அளவு வேற." அப்பா முழங்கையால் இடித்தார். அவருடைய கிசுகிசுப்பு நாலு வரிசைக்குக் கேட்கும். "பாரு, புரியற மாதிரி சொல்றா பாரு." அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் இவள் ஆராய்ச்சிக்குச் சேரப்போகிறாள் என்றதும் இதே மனுஷன்தான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "எதுக்குங்கறேன்? படிச்ச படிப்பு பத்தாதா?" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, மாட்டைப் பார்த்துச் சொன்னார். இன்றைக்குப் பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கிற ஒவ்வொருத்தரிடமும் "என்ற மருமக, என்ற மருமக" என்கிறார். எப்போது மாறினார் என்று யோசித்தால் ஒரு நாளைக் காட்ட முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. ஒரே அளவு தீ வைத்தாலும் சிலர் உடனே ஏறுவார்கள், சிலருக்கு வருஷம் பிடிக்கும். ஏறிவிட்டால் ஆறுவதும் அத்தனை லேசில்லை. அடுப்படியில் ஒரு நாள் சுபா இரண்டு கிண்ணத்தில், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கடலை எண்ணெய், ஒரே எடை, ஒரே தீயில் வைத்துக் காட்டினாள், எண்ணெய் எத்தனை சீக்கிரம் சூடாகிறது பாருங்கள் என்று. அவன் கேட்டான், "அப்போ பாலு?" அவள், "நீங்களே சொல்லுங்களே" என்றாள். தண்ணியை விடக் கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கும், கிட்டத்தட்டத் தண்ணிதான், என்று அவன் சொன்னபோது அவள் கண்ணை விரித்தாள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, தினம் தினம் கறந்த சூட்டோடு வருகிற பாலைக் குளிர்விக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது தெரியாமல் போனால்தான் தப்பு. ஆனாலும் அவள் கண்ணை விரித்தது, அந்தக் கண் விரிப்பு, அவனுக்கு இத்தனை வருஷம் போதுமானதாக இருந்தது.

இப்போது அவள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். சொற்கள் அவன் தலைக்கு மேலே போயின. அவன் போக விட்டான். குரலை மட்டும் கேட்டால் போதும், குரல் எங்கே இறங்குகிறது எங்கே நடுங்குகிறது என்று. நடுங்கவில்லை. திரையில் ஒரு செம்புக் குவளையின் படம் வந்தது, அதற்குள் இன்னொரு செம்புக் குவளை. அவள் கையால் செய்தது. அது அவனுக்குத் தெரியும், சமையலறை ஜன்னலில் அதன் மூடி ஒரு மாதம் இருந்தது. விரல் நுனியெல்லாம் ஈயப்பற்று வைத்ததில் சுட்ட தழும்போடு அவள் தோசை திருப்பியிருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து வாங்குகிற இயந்திரம் மற்ற இடங்களில் இருக்கிறது, எங்கள் ஆய்வகத்தில் இல்லை, அதனால் நாங்களே செய்தோம், என்று அவள் சொன்னபோது 'நாங்கள்' என்றாளே என்று அவனுக்கு இருந்தது. நீதானே செய்தாய், நான் என்று சொல் தாயே. அந்தக் குவளைக்குள் ஒரு கறுப்பு வில்லை, மாத்திரையை விடச் சின்னது. அதைக் கடுங்குளிருக்கு இறக்கி, பிறகு துளித்துளியாக மின்சாரச் சூடு கொடுத்து, ஒவ்வொரு துளிக்கும் அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. இதுதான் வேலை. கேட்க லேசு. குளிருக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். நடுவில் அதைத் தயாரிக்கிற பல்கலைக்கழகத்து மிஷின் படுத்துவிட்டது, மாசக்கணக்கில் படுத்துவிட்டது. அப்போது மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் அதே திரவ நைட்ரஜனைத்தான் விந்துச் சரக்கு கெடாமலிருக்க வைத்திருக்கிறார்கள் என்று அவன்தான் நினைவுபடுத்தினான், எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்தான், முறைப்படி ரசீது போட்டு வாங்கி, பால் வண்டியில் டிரைவர் காலடியில் அந்தக் குண்டுப் பாத்திரத்தை நிற்கவைத்துக் கோயமுத்தூருக்கு ஏற்றிவிட்டான். மூடி இடுக்கில் வெள்ளையாகப் புகைந்துகொண்டே போகும். "மாட்டுக்கு வாரத மருமகளுக்கு அனுப்பறயாடா," என்றார் அப்பா, அப்போதே குரலில் கோபம் இல்லை. இந்த அளவையில் கிடைத்து, அடுத்து திரைக்கு வரப்போகிற வரைபடத்தின் சிவப்புப் புள்ளிகளில் ஏதோ சிலது அந்தப் பால் வண்டியில் வந்தவை. எவை என்று தெரியாது. தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பாப்பா புரண்டது. மூச்சு அவன் கழுத்தில் பட்டது, காய்ந்த மூச்சு. முதுகில் கை வைத்தான். சட்டைக்கு மேலே சூடு குறைந்த மாதிரி இருந்தது, உடனே தன் உள்ளங்கை ஏசியில் குளிர்ந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறதா என்ற சந்தேகம் வந்தது, குளிர்ந்த கைக்கு எல்லாம் சூடாகத்தானே தெரியவேண்டும், அப்படியானால் நிஜமாகவே குறைந்திருக்கிறதா, இல்லை தோள்பட்ட இடமே பிள்ளை அளவுக்குச் சூடேறி இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதா. தெர்மாமீட்டரை எடுத்தால் கீச்சென்று கத்தும். அப்பா திரும்பிப் பார்ப்பார். "என்றா அது?" என்பார், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி. சுபா மேடையிலிருந்து பார்ப்பாள். ஒன்றும் நடக்காது. மருந்து கொடுத்தாயிற்று. டாக்டர் என்ன சொன்னார், பயப்படவேண்டாம் என்றார், மறுபடி இழுப்பு பெரும்பாலும் வராது என்றார். பெரும்பாலும். அன்றைக்கும் மருந்து கொடுத்த பிறகுதான் வந்தது. பாப்பாவுக்கு நடை பழகிய வயசு. அவன் வீட்டில், சுபா ஆய்வகத்தில், பாத்திரத்தில் நைட்ரஜன் கொதித்துக் குறைந்துகொண்டே இருக்க அதை விட்டு எழ முடியாத வேலையில். பிள்ளையின் கண் திடீரென்று மேலே போனது. கை காலெல்லாம் இழுத்து இழுத்து, உதடு நீலமாக, அம்முணீ அம்முணீ என்று பிள்ளையைக் கூப்பிட்டு அவன் கத்தினது பக்கத்து வீட்டு ராக்கியண்ணனை ஓடிவர வைத்தது, யாருடைய வண்டி, எந்தச் சாலை என்று எதுவும் இன்றைக்கு நினைவில் இல்லை. நினைவில் இருப்பது ஒன்றுதான். கையில் ஃபோன் இருந்தது, சுபாவின் பெயர் திரையில் இருந்தது, அவன் அழுத்தவில்லை. அவள் வேலை கெட்டுப்போகும் என்றா? கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாமலா? ஆஸ்பத்திரியில் எல்லாம் அடங்கி, பிள்ளை தூங்கின பிறகுதான் கூப்பிட்டான். அவள் பஸ்ஸில் வந்து இறங்கி நின்ற கோலம். அழவில்லை. பிள்ளையைத் தடவிப் பார்த்துவிட்டு அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். "ஏனுங்க என்னக் கூப்படல?" "உன்ற வேலை நடுவுல..." "என்ற வேலைக்கு என்ன வேணும்னு நான் முடிவு பண்ணிக்கறன். நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரிஞ்சாகோணும். சொல்லுங்க, இனி மறைக்க மாட்டேன்னு." பிள்ளை தலையில் கை வைத்துச் சொன்னான். அதே தலை. இப்போது அவன் தாடைக்குக் கீழே இருக்கிறது, எண்ணெய் வாசத்தோடு.

திரையில் வளைகோடு வந்துவிட்டது. இதை அவனுக்கு நன்றாகத் தெரியும். கைப்பேசியில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒரு தடவை பாப்பாவின் கிறுக்கலுக்கு அடியில் என்று எங்கெங்கோ பார்த்திருக்கிறான். இடமிருந்து மலையேறுகிற மாதிரி ஏறி, பிறகு மேட்டுநிலத்தில் நடக்கிற மாதிரி சாய்ந்து போகும். கீழே கெல்வின் என்று எழுதியிருக்கும். அது இருநூற்றுப் பதினைந்துக்கு வந்ததும் சின்னதாக ஒரு மேடு, சாலையில் வேகத்தடை மாதிரி, பிறகு மறுபடி நேராகப் போகும். இருக்கக்கூடாத இடத்தில் வந்த அந்த மேட்டால்தான் வீட்டில் ஒரு வருஷம் தூக்கம் போனது. மெர்சி மேடம் கெட்டவர் இல்லை. வளைகாப்புக்குக் கையில் பூங்கொத்தோடு வந்தவர். அவரே சொன்னார், "சுபா, இருநூறு வரைக்கும் மட்டும் காட்டு. அதுக்கு மேல இந்த ஆய்வுக்குத் தேவையே இல்லை. வம்ப வெல குடுத்து வாங்காத." அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுபா இதைச் சொன்னபோது திருமூர்த்தி, "மேடம் சொல்றதும் சரிதானே" என்றான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாத் துணியையும் மடித்துவிட்டு, "நான் பாத்தேனுங்களே" என்றாள். அவ்வளவுதான். பார்த்தேனே. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது. மறுபடி ஆய்வகத்துக்குப் போனாள், எல்லாவற்றையும் பிரித்தாள், திரும்பச் செய்தாள், மேடு இருந்தது, திரும்பச் செய்தாள், இருந்தது. இன்றைக்கு அதே மேடு ஆள் உயரத்துக்குத் திரையில் நிற்கிறது, அவள் அதற்குப் பக்கத்தில் நிற்கிறாள், சிவப்பு ஒளிப்புள்ளியை நேராக அதன் உச்சியில் வைத்துக் காட்டுகிறாள், யாரும் கேட்கும் முன்பே. இவளுக்கு என்ன தைரியம். பால் நிலையத்தில் அளவுக்கருவி ஒரு நாள் தப்பாகக் காட்டினால் அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிற ஆட்களை அவன் பார்த்திருக்கிறான். இவள் அதற்கு வட்டம் போட்டிருக்கிறாள். நெஞ்சு விம்மியது, விம்மின நெஞ்சுக்கு மேலேயே சட்டைப்பையில் தெர்மாமீட்டரின் முனை குத்தியது. இவள் இப்படி, நான் அப்படி. ஒரே ஒரு எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வரமாட்டாள் என்று பயந்தேன். வரவில்லை என்றால்? இன்னொரு தேதி கிடைக்க எத்தனை மாதமோ. அது ஒன்றும் தப்பில்லை. தப்புதான்.

கேள்விகள் தொடங்கின. பின்வரிசை மாணவர் ஒருவர் கேட்டார், இன்னொரு பேராசிரியர் கேட்டார், சுபா சொன்னாள், யாரோ தலையாட்டினார்கள். தண்டபாணி அதுவரை வாய் திறக்கவில்லை. அவர் மைக்கை வாங்கிக்கொண்டபோதுதான் பாப்பா விழித்தது. முதலில் சிணுங்கல், பிறகு "தண்ணி", பிறகு உதட்டைப் பிதுக்கி அழுகைக்கு ஆயத்தம். அப்பா கையை நீட்டினார், "இங்க குடு, நான் பாத்துக்கறன்." "வேண்டாங்கப்பா." எழுந்து கதவைத் தோளால் தள்ளி வெளியே வந்தான். வெளியே வராந்தாவில் வெயில், வேப்பமரம், ஒரு கைகழுவும் குழாய், யாருமில்லை. இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தானோ அந்தக் கேள்வி உள்ளே கேட்கப்படப் போகிறது, அவன் வெளியே நிற்கிறான். இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாப்பாவின் வாயில் வைத்தான், கடகடவென்று குடித்தது. கைக்குட்டையை நனைத்தான், பிழிந்தான், நெற்றியில், கழுத்தில், அக்குளில். துணி உடனே வெதுவெதுப்பாகிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். தண்ணீர் நல்ல மனசுக்காரன், எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். சட்டையெல்லாம் நனைந்தது. தெர்மாமீட்டரை வைத்தான். "அப்பா, குருவி," என்றது பாப்பா, வேப்பமரத்தைப் பார்த்து. குருவியைப் பார்க்கிறது. கண் நேராக இருக்கிறது. கீச். நூறு. இன்னும் ஒரு தடவை. நூறு. படியில் உட்கார்ந்தான். கதவு முழுக்கச் சாத்தாமல் கையளவு திறந்திருந்தது, அந்த இடைவெளி வழியாக ஒலிபெருக்கியின் சத்தம் வந்தது.

"...இந்த மேடு. நீங்க வில்லைய ஒட்டறதுக்கு கிரீஸ் போட்டிருப்பீங்க. சில கிரீஸே இந்த எடத்துல இப்படிக் காட்டும். தெரியுமா?" தண்டபாணியின் குரல் அவன் நினைத்ததை விட மெல்லியதாக இருந்தது.

"தெரியும் சார். வில்லை இல்லாம, வெறும் குவளையையும் கிரீஸையும் மட்டும் அளந்து, அதோட பங்கைக் கழிச்சுட்டுத்தான் இந்தக் கோடு."

"கழிச்சது போதாம இருக்கலாம்."

"அப்படித்தான் நெனைச்சேன் சார். அதனால கிரீஸ மாத்தினேன். வேற ரெண்டு வகை போட்டுப் பாத்தேன், அளவையும் கூட்டிக் குறைச்சுப் பாத்தேன். மேடு அதே எடத்துல அதே உயரத்துல இருந்துச்சு. புதுசா வில்லை செஞ்சும் பாத்தேன்."

"அப்போ அது என்ன?"

படியில் உட்கார்ந்திருந்தவன் மூச்சை நிறுத்திக்கொண்டான். உள்ளே மின்விசிறியா ஏசியா எதுவோ ஓடுகிற சத்தம். பாப்பா அவன் காதைப் பிடித்து இழுத்தது. சொல்லு, ஏதாவது சொல்லு, இத்தனை புத்தகம் படித்தாயே, இருக்கலாம் என்றாவது சொல், ஏதாவது ஒரு பேரைச் சொல். அவனாக இருந்தால் எதையாவது சொல்லியிருப்பான். எதையாவது சொல்லித் தப்புவதுதான் அவனுக்குத் தெரிந்தது, ரெண்டு பிஸ்கட் தின்றது என்று.

"தெரியாது சார்," என்றாள் சுபாஷிணி.

குரல் இறங்கவில்லை. பேர் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். அவனுக்கு உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்தது. யாரோ உள்ளே இருமினார்கள்.

"தெரியாததை ஆய்வேட்டில ஏம்மா வெச்சீங்க? இருநூறோட நிறுத்தியிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காதே."

"இருக்குது சார். இருக்கறத எப்படி எடுக்கறது? எனக்குத் தெரியலைன்னா பின்னால வர்ற யாருக்காச்சும் தெரியட்டும்."

தண்டபாணி என்னவோ சொன்னார், ஆங்கிலத்தில், மைக்கை விட்டுத் தள்ளி, அவனுக்குப் பாதிதான் கேட்டது. எக்ஸ்ரே என்று ஒரு சொல். அதே வெப்பநிலையில் வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கலாமே என்கிறாரோ என்னவோ. "செய்யணும் சார்," என்றாள் சுபா. "எங்ககிட்ட அந்த வசதி இல்ல." பிறகு அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. "என்கிட்ட இருக்கு. வில்லைய எடுத்துட்டு வாங்க." அப்புறம் நாற்காலிகள் இழுபட்டன. அவன் எழுந்து பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வாசலிலேயே நின்றான். தண்டபாணி எழுந்து எல்லோர் பக்கமும் திரும்பினார். முன்பக்கம் பார்த்தால் சாதாரண மனுஷர், மூக்குத்தண்டில் கண்ணாடி அழுந்தின தடம் இருக்கிற முகம். முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் சொல்லி முடிக்கும் முன் அப்பா எழுந்துவிட்டார். கைதட்டலை முதலில் தொடங்கினது அப்பா. எல்லோரும் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டிருந்ததும் அவர்தான், தோள்துண்டு நழுவிக் கீழே விழுந்தது தெரியாமல். மெர்சி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருமூர்த்தியால் தட்ட முடியவில்லை, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் ஈரத்துணி. பாப்பா தட்டியது. மேடையிலிருந்து சுபா கடைசி வரிசையைப் பார்த்தாள், காலி நாற்காலியைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். தலைமுடி நனைந்த பிள்ளை, சட்டை நனைந்த புருஷன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. நன்றி சொல்லவேண்டியவர்களுக்கு நன்றி சொன்னாள், ஒருவரையும் விடாமல் சொன்னாள். தண்டபாணியை வணங்கினாள், மேடத்தைக் கட்டிக்கொண்டாள், இறங்கி நேராக வாசலுக்கு வந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் கையை நீட்டும் முன்பே அவன் சொல்லிவிட்டான். "இப்ப நூறு. காலைல நூத்தியொண்ணு புள்ளி நாலு. டீக்கடைல வெச்சே பாத்துட்டேன். மருந்து குடுத்துட்டேன். உன்கிட்டச் சொல்லல."

அவள் புறங்கையைப் பாப்பாவின் கழுத்தில் வைத்தாள். கன்னத்தில் வைத்தாள். அது "ம்மா" என்று சேலையைப் பிடித்து இழுத்து, மயில்கழுத்துப் பட்டில் ஈரக் கையைப் பதித்தது. "இழுப்பு?"

"இல்ல. குருவியெல்லாம் பாத்துச்சு."

"தலைல கை வெச்சு சொன்னீங்களே."

"சொன்னேன்." கையிலிருந்த ஈரத்துணியை மடித்தான். "சொன்னா நீ வந்திருக்க மாட்டே."

சுபா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் தண்டபாணிக்குப் பதில் சொன்னபோது எப்படிப் பார்த்திருப்பாளோ, அந்தப் பார்வை இதுவாகத்தான் இருக்கவேண்டும், அங்கே அவன் பார்க்கத் தவறியது இங்கே கிடைத்தது. "வந்திருப்பேனுங்க," என்றாள். "உங்ககிட்ட விட்டுட்டுத்தான வாரேன். நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரிஞ்சுதான அத்தனை வருஷம் அங்க உக்காந்திருந்தேன். தெரிஞ்சே வந்திருப்பேன். தெரியாம வர வெச்சுட்டீங்க."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அவனுக்கு அது கோபமாக வந்து சேரவில்லை. வரமாட்டாள் என்று இவளைப் பற்றி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோமே, அதில் அவளையும் தப்பாகப் போட்டேன், என்னையும் தப்பாகப் போட்டேன். அவள் கணக்கில் நான் எவ்வளவு பெரிய ஆளாக இருந்திருக்கிறேன், காலையிலிருந்து தோளில் அந்தச் சூட்டைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியாமல் போய்விட்டதே. அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "தெர்மாமீட்டரக் குடுங்க. அடுத்த மருந்து எப்பன்னு சொல்லுங்க." சொன்னான்.

கதவு படாரென்று திறந்தது. அப்பா, அவருக்குப் பின்னால் மெர்சி மேடம், மாணவர்கள், கேமராவோடு ஒரு ஆள். "என்றா, ரெண்டு பேரும் இங்க வந்து நின்னுக்கிட்டீங்க? உள்ள எல்லாரும் ஃபோட்டோவுக்கு நிக்கறாங்க."

"பாப்பாவுக்குக் காச்சலுங்க மாமா," என்றாள் சுபா. "ஏசிக்குள்ள வேண்டாம். இங்கயே எடுத்துக்கலாம், எடுத்துட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறோம்."

அப்பா ஒரு நொடி விழித்தார். பிறகு பிள்ளையின் நெற்றியைத் தொட்டார், கேமராக்காரனைப் பார்த்து, "கேட்டுச்சல்லோ? இங்கதான். சீக்கரம் எடுப்பா," என்று அதட்டினார். குழாயடிக்குப் பக்கத்தில், வேப்பமரத்து நிழலும் வெயிலும் கலந்து விழுந்த இடத்தில் எல்லோரும் நெருக்கி நின்றார்கள். திருமூர்த்தி ஓரத்துக்கு நகர்ந்தான், சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, படத்தில் அசிங்கமாக விழும். சுபா திரும்பிப் பார்க்காமலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள். "சார், சட்டை..." என்று கேமராக்காரன் தயங்கினான்.

"இருக்கட்டும், எடுங்க," என்றான் திருமூர்த்தி. நிமிர்ந்து நின்றான்.